மழைக்குப் பிறகு எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, வண்டியை எடுக்கலாமா?

தண்டையார்பேட்டை:
வணக்கம். 2016 பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். நேற்று ராத்திரி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் பாதிச் சக்கரம் முங்குகிற தண்ணீரில் வந்தேன். வீடு வரை ஒன்றும் ஆகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி உதறுகிறது. ஆக்சிலேட்டர் மிதித்தால் மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, விட்டதும் நிலையாக எரிகிறது. ஹீட் சரியாக இருக்கிறது, ஆயில் விளக்கு எரியவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்கிறார் தெரு மெக்கானிக். நாளை அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பயமாக இருக்கிறது.

திருவொற்றியூர்:
தம்பி, நாளைக்கு அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போங்க. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி இரண்டொரு நாளில் காட்டலாம். விட்டு விட்டு எரிந்தால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகிவிடும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலை மாற்றுகிற செலவு எங்கே, கன்வெர்ட்டர் செலவு எங்கே!

பேட்டரி ஒயரைத் தொடாதீங்க. விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும், கோளாறைச் சொல்ல வண்டி பதிந்து வைத்த எண்ணும் (கோட்) அழிந்துபோகும். ஸ்டீயரிங்குக்குக் கீழே அந்த எண்ணைப் படிக்க ஸ்கேனர் மாட்டுகிற, 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். ஸ்கேனர் வைத்திருப்பவரை வீட்டுக்கே வரச் சொல்லுங்க.

ராயபுரம்:
அண்ணன் சொல்வதுதான் சரி. கடற்காற்றில் நம் பக்கம் கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பூத்துவிடும், அதையும் பார்க்கச் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை:
ஸ்கேன் செய்தாச்சு அண்ணா. பி0302 என்று வருகிறது.

திருவொற்றியூர்:
கடைசி எண்தான் சிலிண்டர். இரண்டாவதில் மிஸ்ஃபயர். அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இங்கே மாட்டச் சொல்லுங்க. பதிவான எண்ணை அழித்துவிட்டு நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டால் போதும். பி0303 என்று மாறினால் காயில்தான். பி0302 ஆகவே நின்றால் பிளக், ஒயர், இன்ஜெக்டர் என்று தேடணும். பிளக்கைக் கழற்றும் முன் அது உட்கார்ந்திருக்கிற குழியை ஏர் அடித்துக் காய வைக்கணும், இல்லாவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இது ரொம்ப முக்கியம்.

தண்டையார்பேட்டை:
பி0303 ஆக மாறியது! காயில் ரப்பரில் விரிசல், இரண்டாவது குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. புதுக் காயில், நாலு பிளக் போட்டாச்சு. உதறல் இல்லை, விளக்கும் வரவில்லை. அம்மாவும் ஆட்டோவில் போய் வந்துவிட்டார்கள். ரொம்ப நன்றி அண்ணா.

திருவொற்றியூர்:
சந்தோஷம் தம்பி. அப்புறம், ஆயில் அளவு பார்க்கிற கம்பியை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பார்த்தீங்களா? ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கு, வண்டியை எடுக்கக் கூடாது.

தண்டையார்பேட்டை:
இப்போதுதான் பார்த்தேன். பழுப்பாக, தெளிவாக இருக்கிறது.