வீட்டிலேயே பைக் ஆயில் மாற்றம்: பழைய ஆயிலை எதில் பிடிப்பது, எதில் சேர்ப்பது?

கேள்வி – கியர்மாத்தி

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஒன்று, கிளாசிக் 350 ஒன்று (பழைய யூசிஇ இன்ஜின், அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது). ரெண்டுக்கும் வீட்டிலேயே ஆயில் மாற்றலாம் என்று இருக்கிறேன். ஸ்பேனர், புனல், புது வாஷர், கிளாசிக்குக்கு ஃபில்டர் எல்லாம் தயார். பழைய ஆயிலைப் பிடிக்கத்தான் தோதான பாத்திரம் அமையவில்லை. 10 லிட்டர் பெயிண்ட் வாளி இன்ஜினுக்கு அடியில் நுழையவே நுழையாது. 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலைப் பாதியாக வெட்டி வைக்கலாமா? ஆன்லைனில் 8 லிட்டர் டிரெயின் பேன் விற்கிறார்கள், அது அவசியமா? வண்டி நிற்பது டைல்ஸ் போட்ட போர்ட்டிகோ, வாடகை வீடு, கறை விழக் கூடாது. பிடித்த ஆயிலை எதில் சேர்த்து வைப்பது, யாரிடம் கொடுப்பது என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1 – ஸ்பேனர்17

ரெண்டு பாத்திரம் வேணும்னு முதலில் முடிவு பண்ணிக்கோங்க. இன்ஜினுக்கு அடியில் வைக்கிற தட்டு வேறு, ஆயிலைச் சேர்த்து வைக்கிற கேன் வேறு. ரெண்டு வேலையையும் ஒரே பாத்திரத்தில் முடிக்கப் பார்த்தால்தான் தரை நாசமாகும். வாய் அகலமாக இருந்தால் மூட முடியாது, மூடி இருந்தால் வாய் சின்னதாக இருக்கும்.

தட்டுக்கு நான் சொல்வது 5 லிட்டர் இன்ஜின் ஆயில் கேன். கார் ஒர்க்‌ஷாப்பில் காலி கேன் நிறையக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். அதைப் படுக்கப் போட்டு, மேலே வருகிற அகலமான முகத்தில் மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டுங்கள். சுற்றிலும் 2 செ.மீ. விளிம்பை விட்டுவிடுங்கள். அந்த விளிம்புதான் தட்டைத் தூக்கும்போது ஆயில் தளும்பி வெளியே வராமல் தடுக்கும். கழுத்தையும் மூடியையும் தொடாதீர்கள். மூடியை இறுக்கிவிட்டு ஆயிலைப் பிடியுங்கள். பிறகு மூடியைத் திறந்து, கழுத்தைப் புனலுக்கு நேரே சாய்த்தால் ஆயில் சீராக இறங்கும். மேலே ஜன்னல் திறந்திருப்பதால் காற்று அந்த வழியாக உள்ளே போய்விடும். மூடிய கேனில் காற்றும் அதே வாய் வழியாகத்தான் போகவேண்டும், அதனால்தான் குபுக் குபுக் என்று தெறிக்கிறது.

கொள்ளளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த கேன் பெரும்பாலும் 30 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம் ஒட்டி வரும். அதில் 1 லிட்டர் ஊற்றினால் 2 செ.மீ.கூட நிற்காது. கிளாசிக்கில் இறங்குகிற சுமார் 2 லிட்டருக்கு மூன்றரை செ.மீ. வரும். கவனிக்க வேண்டியது நீள அகலமும் உயரமும்தான். ஸ்ப்ளெண்டரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ., அதற்கு இந்த உயரம் சரி. பழைய கிளாசிக் 135 மி.மீ.தான். சென்டர் ஸ்டாண்டு போட்டால் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், ஆனாலும் நுழைப்பதும் எடுப்பதும் கஷ்டம். ரெண்டு வண்டிக்கும் ஒரே தட்டு என்றால் ஜன்னலோடு நிறுத்தாமல் பக்கச் சுவரையும் 8 செ.மீ. உயரத்துக்குக் குறைத்து, வெட்டிய ஓரத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கழுத்து இருக்கிற பக்கத்தை மட்டும் முழு உயரத்துக்கு விட்டுவிட்டு, அந்தப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தட்டை வையுங்கள். கை கிழிக்காது, கழுத்தும் பிழைக்கும்.

நீளம் எதற்கு என்றால், இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட் கழன்ற நொடியில் ஆயில் நேராக விழாது. உள்ளே முழு அளவு நிற்பதால் போல்ட் பார்க்கிற திசையில் கொஞ்சம் தள்ளிப் பாயும். ஒரு நிமிஷத்தில் அழுத்தம் குறைந்து நேராக விழும். கடைசியில் நூலாக மெலிந்ததும் கிராங்க்கேஸின் (இன்ஜின் கூட்டின்) அடியை ஒட்டிக்கொண்டே பின்பக்கம் நகர்ந்து வேறு இடத்தில் சொட்டும். மூணு கட்டத்திலும் ஆயில் தட்டுக்குள்தான் விழவேண்டும். ஆகவே நீளவாக்கு வண்டியின் நீளத்தோடு ஒத்துப் போகட்டும், போல்ட்டுக்கு நேர்கீழே தட்டின் நடுப்பகுதி வரட்டும்.

ஸ்ப்ளெண்டர் டிரெயின் போல்ட் 17 நம்பர். ஸ்பேனரால் தளர்த்தியதும் மீதியைக் கையால் சுற்றுங்கள். சுற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே வந்து, மரை முழுசாக விட்டது தெரிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். முழங்கைக்கு ஆயில் வழியாது. போல்ட் கைநழுவி ஆயிலுக்குள் விழுந்தால் வாஷரும் சேர்ந்து காணாமல் போகும். விழுகிற இடத்தில் ஒரு பழைய ஸ்டீல் வடிகட்டியை வைத்துவிட்டால் அந்தத் தேடல் மிச்சம். சமையலறைக்குத் திரும்பப் போகாத வடிகட்டியாக இருக்கட்டும்.

கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம். அது பெட் பிளாஸ்டிக், அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். 75 டிகிரி ஒட்டியே இளகிச் சுருண்டுவிடும். தூரம் ஓடி வந்து நிறுத்திய வண்டியில் ஆயில் அதைவிடச் சூடாக இருக்கும். ஆயில் கேன் எச்டிபிஇ என்கிற கெட்டி பிளாஸ்டிக், அதில் 2 இருக்கும். 5 போட்ட பாலிபுரொப்பிலீன் டப்பாவும் தாங்கும். தாங்கும் என்பதற்காகக் கொதிக்கிற ஆயிலை இறக்கவேண்டாம். 5 நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்திப் 10 நிமிஷம் கழித்துத் திறந்தால் ஆயில் இளகி நன்றாக இறங்கும், கையும் சுடாது.

பதில் 2 – புல்லட்_வாசு

ஸ்ப்ளெண்டர் சமாச்சாரம் மேலே முடிந்துவிட்டது. கிளாசிக்குக்கு நான் சேர்க்கிறேன், ஏன்னா யூசிஇ இன்ஜினில் ஆயில் ஒரே இடத்தில் இறங்காது. அடியில் டிரெயின் போல்ட் ஒரு பக்கம், ஃபில்டர் மூடி வலப்பக்கம். மூடியைத் திறந்ததும் உள்ளே நிற்கிற ஆயில் கேஸிங் மேலேயே வழிந்து, எதிர்பாராத மூலையில் சொட்டும். ஃபில்டரைத் தொடுவதற்கு முன்னால் அடி போல்ட் வழியாக முழுசாக வடியட்டும், 15 நிமிஷமாவது. அப்புறம் ஃபில்டர் மூடிக்கு வாருங்கள்.

மூடிக்குக் கீழே அலுமினிய ஃபாயிலை ரெண்டாக மடித்துக் கேஸிங்கோடு ஒட்ட அழுத்தி ஒரு வாய்க்கால் பண்ணுங்கள். மேல் விளிம்பு கேஸிங்கில் நன்றாகப் படிந்திருக்கவேண்டும், இடைவெளி இருந்தால் ஆயில் அதன் பின்னால்தான் ஓடும். கீழ்முனை தட்டுக்குள் 2 செ.மீ. இறங்கி நிற்கட்டும். சைலன்சர் பெண்ட் பக்கம் போகாமல் திருப்பிவிடுங்கள். பெண்டில் விழுந்த ஆயில் அடுத்த ஸ்டார்ட்டில் புகையும், நாற்றம் சீக்கிரம் போகாது. மூடியை ஒரேயடியாகக் கழற்றாமல் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, விளிம்பில் கசியவிட்டு வடிய வைப்பது நல்லது.

பழைய ஃபில்டரை அப்படியே குப்பையில் போடாதீர்கள். தாள் மடிப்புக்குள் ஆயில் நிறைய நிற்கும். தட்டின் மேல் ஒரு கம்பி வலையில் கவிழ்த்து, ராத்திரி முழுக்க வடியவிடுங்கள்.

டைல்ஸுக்கு நியூஸ்பேப்பர் மட்டும் போட்டால் பிரயோஜனமில்லை, ஊறிக் கீழே இறங்கிவிடும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்து, அதன் மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். ஃப்ளெக்ஸில் ஆயில் இறங்காது, அட்டை சொட்டுகளை உறிஞ்சிவிடும். ஃப்ளெக்ஸ் மட்டும் என்றால் ஆயில் அதன் மேல் ஓடி ஓரத்தில் இறங்கிவிடும், வழுக்கவும் செய்யும். சென்டர் ஸ்டாண்டின் ரெண்டு காலும் ஃப்ளெக்ஸுக்கு வெளியே, வெறும் தரையில் நிற்கட்டும். இதில் சமரசம் வேண்டாம், 190 கிலோ வண்டி அது.

கொத்தனார் சாந்துச்சட்டியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அகலம் நல்லதுதான், சூடும் தாங்கும். ஆனால் அடி வளைவாக இருப்பதால் ஆடும், மூக்கு கிடையாது, ஊற்றும்போது விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் வழியும். கையில் இருந்தால் அடியில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வைத்து ஆடாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்காதீர்கள்.

8 லிட்டர் டிரெயின் பேன் காருக்குச் செய்தது. உங்களுக்குத் தேவையில்லை. வாங்கியே தீரவேண்டும் என்றால் உயரத்தை மி.மீ. கணக்கில் பார்த்து வாங்குங்கள்.

கியர்மாத்தி

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஃப்ளெக்ஸும் அட்டையும் இருக்கு, கேன் கேட்டு வாங்கிவிடுகிறேன். சேர்த்து வைக்கிற கேன் பற்றியும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் சட்டத்தில் கரையான் வராமலிருக்கப் பூசக் கேட்கிறார், கொடுக்கலாமா? செயினுக்கு விடலாம் என்றும் சொல்கிறார்கள்.

பதில் 3 – கழிவுக்கணக்கு

சேர்த்து வைக்க, புது ஆயில் வந்த பாட்டிலே நல்ல பாத்திரம். வண்டிக்கு எவ்வளவு ஊற்றினீர்களோ ஏறக்குறைய அவ்வளவுதான் வெளியே வந்திருக்கும், அதனால் அளவும் பொருந்தும். மூடி அதற்கென்றே செய்தது. தொடர்ந்து சேர்ப்பதென்றால் இன்னொரு 5 லிட்டர் ஆயில் கேனை வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். நாலரை லிட்டரோடு நிறுத்துங்கள், வெயிலில் ஆயில் விரியும். பழைய லேபிளைக் கிழித்துவிட்டு மார்க்கரில் "வேஸ்ட் ஆயில்" என்று பெரிதாக எழுதுங்கள். புது ஆயில் என்று நினைத்து யாரும் திரும்ப ஊற்றிவிடக் கூடாது, லேபிளோடு போகும் பாட்டில் போலி ஆயில் நிரப்புகிறவர்கள் கைக்கும் போகக் கூடாது.

தண்ணீர் பாட்டில், சமையல் எண்ணெய் கேன், ஜூஸ் பாட்டில் எதிலும் வைக்கவே வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள், வயதானவர்கள் இருப்பார்கள். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் வைத்து நடக்கும் விபத்துதான் இதிலும் நடக்கும்.

அந்தக் கேனுக்குள் பெட்ரோல், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்), பிரேக் ஆயில், பார்ட்ஸ் கழுவிய மண்ணெண்ணெய் எதுவும் கலக்கக் கூடாது. கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே தீப்பிடிக்கும் வெப்பநிலை இறங்கிவிடும். கூலண்ட் கலந்தால் மறுசுழற்சிக்கு எடுப்பவர் மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார், நீங்கள் மாதக்கணக்கில் சேர்த்தது வீணாகும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஓடிய ஆயிலில் தேய்மானத்தில் வந்த உலோகத்தூள், ஆயிலோடு சேர்க்கிற அடிட்டிவில் இருந்த துத்தநாகம், எரிந்த புகைக்கரி, புற்றுநோயை உண்டாக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் இருக்கும். ஜன்னல் சட்டம் தினமும் கைபடுகிற இடம். அது முழுசாகக் காயவும் செய்யாது. கரையானுக்கு அதற்கென்று விற்கிற மருந்து இருக்கிறது. செயினுக்கும் வேண்டாம். உலோகத்தூளைப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் கொண்டுபோய் வைப்பதாகும், ரிம்மெல்லாம் வேறு தெறிக்கும். 90 நம்பர் கியர் ஆயில் போதும்.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கிறது. உரிமம் உள்ள மறுசுழற்சி நிறுவனம்தான் அதைச் சுத்திகரிக்கலாம். 2023இல் வந்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் அதைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து எடுத்துப்போவார்கள் என்று காத்திருக்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் டிரம் வைத்திருப்பார்கள். பார்ட்ஸ் வாங்கப் போகிறபோது மேனேஜரிடம் கேட்டு அதில் ஊற்றிவிடுங்கள். டிரம் யாருக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்றவர் என்றால் சொல்லிவிடுவார்கள். எடைக்கு வாங்கும் ஆள் எங்கே கொண்டுபோகிறார் என்று தெரியாது. அது அடுப்புக்கோ சூளைக்கோ போனால் உலோகமெல்லாம் புகையோடு வெளியே வரும். சாக்கடை, மண், மரத்தடி எதிலும் ஊற்றக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. போர்வெல் பக்கத்தில் இருந்தால் தட்டைக் கழுவிய தண்ணீரைக்கூட ஊற்றாதீர்கள். தட்டைக் கழுவவே வேண்டாம், மரத்தூள் போட்டுத் துடைத்துக் கவிழ்த்து வைத்தால் போதும்.

கைக்கு நைட்ரைல் கையுறை. சாதாரண ரப்பர் கையுறை ஆயிலில் உப்பி இளகிவிடும்.

பதில் 4 – ஸ்பேனர்17

ஒன்றை விட்டுவிட்டேன். கேனுக்கு மாற்றுவதற்கு முன்னால் தட்டில் இருக்கிற ஆயிலை ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக இருப்பது சாதாரணம், கிளட்ச் அதே ஆயிலில் ஓடுகிறது. மெல்லிய மினுமினுப்பும் பரவாயில்லை. விரலில் உருட்டினால் தட்டுப்படுகிற சில்லு இருந்தால் ஓட்டுவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. ரெண்டுமே ஏர் கூல்டு வண்டி, கூலண்டுக்கு வழியில்லை, வெள்ளத்தில் ஓட்டியதோ பிரஷர் வாஷோ காரணமாக இருக்கும். ஸ்ப்ளெண்டர் கார்புரேட்டர் மாடலாக இருந்து ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்துகிற ஃப்ளோட் ஊசி அடைக்கவில்லை என்று பொருள். அந்த ஆயிலைப் பொதுக் கேனில் கலக்காமல் தனி பாட்டிலில் வையுங்கள்.

அளவுக்கோடு போட்ட பழைய ஆயில் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் தெரியும். வண்டி நேராக நின்று வடிந்திருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து வடிந்தால் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும்.

கியர்மாத்தி

கேன் வெளியே திண்ணையில்தான் இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால் மேலாக வடித்துவிடலாமா?

கழிவுக்கணக்கு

தண்ணீர் அடியில்தான் நிற்கும், ஆயில் லேசானது. மேலே இருக்கிற ஆயிலை மெதுவாக வேறு கேனுக்கு மாற்றி, அடியில் மிஞ்சுகிற கலங்கலைத் தனி பாட்டிலில் சர்வீஸ் சென்டரில் சொல்லிக் கொடுங்கள். வெளியே வைக்கிற கேனின் மூடிக்குள் இருக்கிற வட்ட அட்டை நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான்.