மன்னிப்புக் கிடைத்த பிறகும் கடைசி வரிசையில்

பாம்பன் சகோதரி:

மன்னிப்புக் கேட்பதைப் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். கிடைத்த மன்னிப்பை வாங்கிக்கொள்ள முடியாமல் தவித்த ஒருவரைப் பற்றி நான் எழுதுகிறேன். அவர் என் அத்தை. அவரே எழுதச் சொன்னார்.

அத்தை கடல்பாசி எடுக்கிறவர். வல்லம் என்கிற சின்னப் படகில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கிற வேலை. கூட வரும் பெண்களிடம் ஏலச்சீட்டும் பிடித்தார். ஒரு வருடம் மாமாவின் படகு எஞ்சின் பழுதானபோது, சீட்டு எடுத்த ஓர் அக்காவுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அதில் போட்டுவிட்டார். அது அந்த அக்கா தன் மகளை நர்சிங் சேர்க்க நம்பியிருந்த பணம். அந்த வருடம் பிள்ளையால் சேர முடியவில்லை. பிறகு அத்தை நகையை அடகு வைத்து, வட்டியும் சேர்த்துக் கொடுத்து, வாசலில் நின்று மன்னிப்பும் கேட்டார். அக்கா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

அத்தை கோவில் சாமியாரிடம் (எங்கள் குருவானவரிடம்) பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார், அவர் ஆண்டவர் பெயரால் பாவமன்னிப்புக் கொடுத்தார். ஆனால் அடுத்த மாதமும் அதே பாவத்தைப் போய்ச் சொன்னார். "அது போயிருச்சும்மா" என்றார் சாமியார். சரியாகச் சொல்லவில்லையோ, எதையாவது மறைத்துவிட்டோமோ என்று அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோவிலில் வேறொரு சாமியாரிடம் சொன்னார். வேளாங்கண்ணிக்குப் போன இடத்தில் சொன்னார். போன இடமெல்லாம் மன்னிப்புக் கொடுத்தார்கள், இவர்தான் வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நிற்பார். எல்லாரும் நன்மை (பூசையில் கொடுக்கும் திவ்விய அப்பம்) வாங்கப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வார். காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறதே, அவள் பேசாமல் நான் எப்படிப் போவது என்று கேட்பார்.

ஊரில் இதை "எவ்வளவு தாழ்ச்சி" என்று மெச்சினவர்கள் உண்டு. எனக்கு அது தாழ்ச்சியாகத் தெரியவில்லை. ஆண்டவர் தீர்ப்புச் சொல்லிவிட்ட வழக்கில், அவர் தீர்ப்புச் செல்லாது என்று அத்தை தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதியை அப்படிப் பார்ப்பது எனக்கு வேதனையாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஓரியூருக்குக் கூட்டிப்போனேன். வேதத்துக்காக உயிர் கொடுத்த அருளானந்தர் அங்கே தலை வெட்டுண்ட 1693 பிப்ரவரி 4-ஆம் தேதியே, தவக்காலம் தொடங்குகிற ஒரு சாம்பல் புதன்தான், அதனால் தவக்காலத்தில் அங்கே போவது எனக்குப் பிடிக்கும். ஒரு வயதான சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை சொல்லி முடித்ததும், "இதுக்கு முன்னால எத்தனை பேர்கிட்டம்மா சொன்னீங்க?" என்று கேட்டாராம். பிறகு இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னார். அருளானந்தர் இருந்த இயேசு சபையைத் தொடங்கியவரே 1522-இல் மன்ரேசா ஊரில் இதே வேதனையில் கிடந்தவர். சொன்ன பாவங்களையே மறுபடி மறுபடி சொல்லி, ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்து, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்னும் சோதனைவரை போனவர். பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது.

அத்தைக்கு அவர் கொடுத்த பரிகாரத்தில் ஜெபமாலை இல்லை. "இந்தப் பாவத்தை இனிமே எந்தச் சாமியார்கிட்டயும் சொல்லக் கூடாது. நன்மை வாங்கணும். அந்த அம்மா பேசுறது அவங்க கையில இருக்கு. உங்க கையில இருந்ததை நீங்க செஞ்சாச்சு." (சாமியார் வாய் திறக்கக் கூடாது, அத்தை திறக்கலாம். அதனால்தான் எனக்குத் தெரியும்.)

அந்த ஞாயிறு அவர் போகவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) இரவுப் பூசையில்தான் எழுந்து போனார். இப்போதும் சில நாள் மனசு குத்துகிறதாம். "குத்துனா குத்திட்டுப் போகுது, அதுக்காக நான் பின்னால நிக்கிறதில்ல" என்கிறார்.

மண்டபம் சகோதரர்:

எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனம் கிடையாது, எல்லார் முன்னாலும் எழுந்து தன் வாழ்க்கையைச் சொல்கிற சாட்சி நேரம் உண்டு. விசைப்படகில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் குடியை விட்டு வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் எழுந்தாலே மனைவியை அடித்தது, மகளின் ஸ்கூல் பீஸைக் குடித்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லி அழுவார். நாங்களும் ஸ்தோத்திரம் சொல்வோம். மகள் காலேஜ் போகிற வயதில் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அப்பாவுக்குப் பாரம் இறங்க, மகள் எத்தனை தடவை அதைச் சுமப்பாள்? ஒருநாள் பாஸ்டர் அவரைத் தனியாக உட்கார வைத்து 1 யோவான் 3:20-ஐ வாசித்தார். நம் இருதயம் நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்கிற வசனம். "சாட்சின்னா ஆண்டவர் செஞ்சதைச் சொல்லுங்கண்ணே" என்றார். இப்போது சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். மகள் மறுபடி வருகிறாள். பக்கத்தில் உட்காருவதில்லை, ஆனால் வருகிறாள்.

இராமேசுவரம் சகோதரி:

என் அம்மாச்சி தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 ராத்திரி, புயல் தண்ணீரில் தம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தபோது கை நழுவிவிட்டது. அப்போது அம்மாச்சியே சின்னப் பிள்ளை. ஒவ்வொரு தவக்காலமும் இதைப் பாவம் என்று போய்ச் சொல்வார். ஒரு சாமியார் மட்டும், "இதை நான் மன்னிக்க முடியாதும்மா, இது பாவமே இல்ல, துக்கம்" என்றார். அம்மாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம் என்றால் அதற்கு மருந்து இருக்கிறது, துக்கத்துக்கு என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். பாவசங்கீர்த்தனத்துக்குப் பதில் தம்பிக்காகப் பூசை ஒப்புக்கொடுங்கள் என்று சாமியார் சொல்லியனுப்பினார். இப்போது வருடா வருடம் டிசம்பர் 22-க்குப் பூசை வைக்கிறோம். அதுவரை தம்பி என்றாலே அந்த ராத்திரிதான். இப்போதுதான் அவன் செய்த சேட்டையெல்லாம் எங்களுக்குத் தெரிய வருகிறது.

பாம்பன் சகோதரி:

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அந்தப் பூசைக்குத் தானும் வரலாமா என்று கேட்கச் சொன்னார். எந்தக் கோவில், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.