மறு: வெள்ள நலிவு மதிப்பு – இப்படி வைக்கலாமா?

> 'வெள்ளச் சுகாதாரச் சேத மதிப்பீடு' என்றே வைத்தால் எல்லாருக்கும் புரியுமே?

வெள்ளத்தால் உடம்புக்கும் மனசுக்கும் வருகிற கேட்டைப் பணக்கணக்கில் மதிப்பிடும் முறைக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீங்கள் சொல்லும் பெயர் புரியும் ஐயா, ஆனால் வேறு மாதிரி புரிந்துவிடும். சேதம் என்றாலே சுவர், கூரை, ஆடு மாடு என்று குறித்துக்கொண்டு போகிற கணக்குதான் நம் பக்கம் நினைவுக்கு வரும். 2021 நவம்பரில் கவுண்டன்ய மகாநதி குடியாத்தத்தில் வீடுகளுக்குள் புகுந்தது. தறிக்குழி (நெசவாளர் கால் இறக்கி உட்காரும் குழி) நிரம்பித் தறியில் பூட்டிய பாவு நூல் நனைந்தால் அது சேதம், சரி. அந்தக் குழியில் இறங்கி நாளெல்லாம் தண்ணீர் இறைத்தவருக்கு விரலிடுக்கில் வருகிற சேற்றுப்புண்ணை எதில் எழுதுவது? எலிக்காய்ச்சல் தலைகாட்டவே ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும், அதற்குள் கணக்கெடுக்க வந்தவர்கள் போயிருப்பார்கள். மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் போவது மாதக்கணக்கில் நீளும்.

'நல இழப்பு' என்று வைக்கலாம் என்றால், அது பொருளியலில் வேறொன்றுக்கு ஏற்கெனவே புழங்குகிறது. 'நலிவு' என்றால் உடம்பும் மனசும் இரண்டும் அடங்கிவிடும். மருந்து, ஆட்டோ, போன கூலி எல்லாம் 'நோய்ச்செலவு'; அது இதில் ஒரு பகுதிதான்.

இன்னொரு பகுதி, இந்த நலிவு வராமல் இருக்க ஒருவர் எவ்வளவு தருவார் என்று கேட்டு அறிவது. அதற்கு 'தர இசையும் தொகை' என்று போட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் இப்படிக் கேட்டுக் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 200 பவுண்டு என்று எடுத்தார்கள். நம் ஊரில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அம்மாவைக் கேட்டால் என்ன சொல்வார்? கையில் இருப்பதைத்தானே சொல்வார், அப்புறம் அவர் தூக்கம் மலிவு என்று கணக்கு காட்டும். அதனால், பணத்தைக் கேட்காமல் நோயால் நல்லபடி வாழ முடியாமல் போன காலத்தை ஆண்டுகளாக எண்ணும் 'இழந்த நலவாழ்வாண்டு' முறையையும் சேர்த்தே விளக்க வேண்டும்.

உயிருக்கு விலையா என்று போன மடலில் ஒருவர் கோபப்பட்டிருந்தார். ஆற்றுக்கரையைப் பலப்படுத்தும் திட்டத்தில் செலவும் பலனும் ஒப்பிடும்போது இந்த நலிவுக்கு எண் எதுவும் போடாவிட்டால் அது சுழியம் என்றே கூட்டப்படும், அவ்வளவுதான்.

'நலிந்த பிரிவினர்' என்பதோடு குழம்புமோ என்பதுதான் என் உறுத்தல்.

——

குழம்பாது தம்பி, முன்னால் 'வெள்ள' ஒட்டியிருக்கிறதே. நலிவுக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் 'தர இசையும் தொகை' யார் யாருக்குத் தருவது? நிவாரணப் பணம் என்று நினைத்துவிடுவார்கள். 'கொடுக்க மனமுள்ள தொகை' என்று போடுங்கள், கேள்வித்தாளோடு தெருவில் இறங்குகிறவருக்கும் வாயில் வரும்.