பிஎச்பி: வெறுங்கையால் எழுதுவதா, ஃபிரேம்வொர்க்கில் இறங்குவதா?

எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடித்துவிட்டு ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் சுமார் 3,000 புத்தகங்கள் உண்டு. எது யார் வீட்டில் இருக்கிறது என்பது ஒரு பழைய லெட்ஜரில் இருக்கிறது. பெரியவர் அதைப் புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் வந்தவர் "நாளைக்கு வர்றேன் ஐயா" என்று கிளம்பிவிடுகிறார். இதற்கு ஒரு சின்ன தளம் செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

மூன்று மாதமாக மாலை நேரங்களில், இணையதளம் எழுதுகிற மொழியான பிஎச்பி கற்கிறேன். ஃபாரம் வைத்து, டேட்டாபேஸில் சேர்த்து, பட்டியல் காட்டுகிற வரைக்கும் வந்தாயிற்று. இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வெறும் பிஎச்பியில் எழுதுவதே பாவம், அதன் மேல் கட்டிய ஃபிரேம்வொர்க்கான (தயார்நிலைச் சட்டகம்) லாராவெல் படி என்கிறார் ஒருவர். நிரல் எழுதாமலே தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் போதும் என்கிறார் இன்னொருவர். பிஎச்பியே செத்துப்போச்சு என்று ஒரு நண்பன். கையில் இருப்பது மலிவான ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது பலரோடு பங்கிட்டுக்கொள்ளும் சர்வர். நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள், எங்கே அடிபட்டீர்கள்?

* * *

தம்பி, அடிபட்ட கதை என்னிடம் நிறைய இருக்கிறது.

2010 வாக்கில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆர்டர் எடுக்கிற தளம் செய்தேன். மேலே ஹெடர் ஃபைல், கீழே ஃபுட்டர் ஃபைல், நடுவில் பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல்லும் டேட்டாபேஸிடம் பேசும் எஸ்கியூஎல்லும் கூட்டாஞ்சோறு. ஃபாரமில் வந்த பெயரை அப்படியே வாக்கியத்தில் ஒட்டி டேட்டாபேஸுக்கு அனுப்பினேன். நான் பார்த்த மாதிரி நிரல்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

சில வருடம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் ஹோஸ்டிங்காரர்கள் பிஎச்பி 5.4-க்கு மாற்றினார்கள். அடுத்த வாரம் தூத்துக்குடியிலிருந்து டி'குரூஸ் என்று முடிகிற பெயருள்ள ஒருவருக்கு ஆர்டர் போகவே இல்லை. மூன்று தடவை முயன்றுவிட்டுப் போன் செய்தார். அந்தப் பெயரில் இருந்த ஒற்றை மேற்கோள் குறி என் எஸ்கியூஎல் வாக்கியத்தை நடுவில் உடைத்திருக்கிறது. அதுவரை 'மேஜிக் கோட்ஸ்' என்று பிஎச்பியில் இருந்த ஒரு வசதி எனக்குத் தெரியாமலே அந்தக் குறிகளுக்கு முன்னால் தடுப்புப் போட்டுக்கொண்டிருந்தது. 5.4-இல் அதை எடுத்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பெயரில் சிறப்புக் குறிகள் வேண்டாம்" என்று ஃபாரமில் எழுதிவைத்தேன். அப்பன் வைத்த பெயரைத் தப்பு என்று சொல்லியிருக்கிறேன்! அவர் பெயர் முட்டி உடைத்த அதே ஓட்டை வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து டேட்டாபேஸைக் குடையலாம் என்பது ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

இரண்டாவது அடி தீபாவளிக்கு முந்தைய வாரம். மறுபடி ஹோஸ்டிங் மாற்றம், இந்தத் தடவை பிஎச்பி 7. தளம் முழுக்க வெள்ளைத் தாள். டேட்டாபேஸோடு பேசுகிற பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை 5.5-லேயே கைவிடப்போகிறோம் என்று எச்சரித்து, 2015 டிசம்பரில் வந்த 7-இல் நீக்கியே விட்டார்கள். நான் எச்சரிக்கைகள் திரையில் வரக்கூடாது என்று அணைத்து வைத்திருந்த புண்ணியவான். நாற்பது சொச்சம் ஃபைல், ஒவ்வொன்றிலும் எஸ்கியூஎல். விடிய விடிய உட்கார்ந்து மாற்றினேன். கடை முதலாளி அரைமணிக்கு ஒரு போன். டேட்டாபேஸ் சமாச்சாரம் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்திருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

உங்களுக்கு இருப்பது புத்தகம், உறுப்பினர், இரவல் என்று மூன்று டேபிள். வெறும் பிஎச்பி தாராளம். ஆனால் முதல் நாளிலிருந்தே டேட்டாபேஸுக்கு பிடிஓ என்ற வழி, அதிலும் வாக்கியத்தையும் ஃபாரமில் வந்ததையும் தனித்தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். எஸ்கியூஎல் ஒரு இடத்தில், எச்டிஎம்எல் வேறு இடத்தில். திரைக்குப் போகிற எதுவும், எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்கேர்ஸ் வழியாகவே போகட்டும். கடவுச்சொல்லுக்கு பாஸ்வேர்டு-ஹேஷ் இருக்கிறது, எளிதில் உடைபடும் பழைய எம்டி5 பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் உங்கள் நண்பர் சொன்னது ஒருவகையில் சரிதான். பிஎச்பி ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் புதிதாகப் பிறந்து, பதில் கொடுத்ததும் எல்லாவற்றையும் மறந்து செத்துப்போகிறது. வந்தவரை நினைவில் வைக்கிற செஷன் என்று ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

* * *

அண்ணா சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம்.

நான் நேராக லாராவெலில் இறங்கியவள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அதுதான். முதல் வாரமே லாகின், ரெஜிஸ்டர் எல்லாம் ஓடியது. நான் எழுதியது பத்து வரி இருக்கும். ஏன் ஓடுகிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிறகு தனியாக ஒரு தளம் செய்து கொடுத்தேன். அதுவும் ஷேர்டு ஹோஸ்டிங்தான். புராஜெக்ட் ஃபோல்டரை முழுசாக, வெளியுலகம் பார்க்கிற ஃபோல்டருக்குள்ளேயே ஏற்றிவிட்டேன். உள்ளே இருக்கிற 'பப்ளிக்' ஃபோல்டர் மட்டும்தான் வெளியே தெரியவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான்கைந்து நாள் கழித்துச் சந்தேகத்தில் முகவரிக்குப் பின்னால், ரகசிய அமைப்புகள் இருக்கிற என்வி ஃபைலின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். டேட்டாபேஸ் பெயர், கடவுச்சொல், மெயில் கடவுச்சொல் எல்லாம் வரிசையாகத் திரையில்! கை நடுங்கிவிட்டது. எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன்.

அதற்காக லாராவெலைக் குறை சொல்லமாட்டேன். வேறு தளம் நம் பெயரில் ஃபாரம் அனுப்பாமல் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், அதன் டெம்ப்ளேட்டான பிளேடில் தானாக நடக்கும் எஸ்கேப்பிங் (குறிகளை எழுத்தாக்குவது) எல்லாம் கையால் எழுதியிருந்தால் நான் நிச்சயம் மறந்திருப்பேன். நீங்கள் வெறும் பிஎச்பியில் இதை முடியுங்கள். அடுத்த தளத்தை லாராவெலில் செய்தால், அது உங்களுக்காக என்னென்ன பார்த்துக்கொள்கிறது என்று தெரிந்தே செய்வீர்கள். அப்படி ஏற்றும்போது மற்றவர்கள் எழுதிய நிரல்கள் இருக்கிற வெண்டர் ஃபோல்டரை எஃப்டிபியில் ஒவ்வொரு ஃபைலாக அனுப்பாதீர்கள், ராத்திரி போய்விடும். ஜிப் செய்து அனுப்பி அங்கே பிரியுங்கள்.

* * *

வேர்ட்பிரஸ் போதும் என்று சொல்கிற கூட்டத்தில் நானும் இருந்தேன். அறிவிப்பு, படம், கட்டுரை என்றால் இப்போதும் அதையே சொல்வேன். இரவல் கணக்குக்கு ஒரு பிளகின் (துணை நிரல்) போட்டோம். எழுதியவர் கைவிட்டுவிட்டார், அடுத்த அப்டேட்டில் படுத்துவிட்டது. மறுபடி நோட்டுப்புத்தகம்தான்.

* * *

ஃபிரேம்வொர்க் சண்டை இருக்கட்டும். 3,000 தமிழ்ப் புத்தகம் என்றீர்களே, உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை பிஎச்பியிடம் கேளுங்கள். ஸ்ட்ர்லென் என்ற ஃபங்ஷன் 15 என்று சொல்லும். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கிற முறையான யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அது பைட்டை எண்ணுகிறது. எம்பி-ஸ்ட்ர்லென் 5 என்று சொல்லும், ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. நம் கண்ணுக்குத் தெரிகிற மூன்று எழுத்து வேண்டுமென்றால் கிராஃபீம்-ஸ்ட்ர்லென். நான் ஒரு செய்திப் பட்டியலில் நீளத் தலைப்புகளைச் பைட் கணக்கில் வெட்டுகிற சாதாரண சப்ஸ்டரால் வெட்டினேன். வரிசையாகக் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. எம்பி வகைக்கு மாற்றினேன், வைரம் போனது, இப்போது சில தலைப்பு கொம்பு இழந்து மொட்டையாக நின்றது. கிராஃபீமில்தான் சரியானது.

இன்னொன்று. உங்கள் புத்தகப் பட்டியலை யாராவது முன்பே, யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் உஷார். யூனிகோடில் 'கோ' இரண்டு விதமாக இருக்கலாம். ஓகாரக் குறி ஒரே துண்டாக வரலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பாமினியை யூனிகோடாக மாற்றிக்கொடுக்கிற சில கருவிகள் இரண்டாவது விதமாகத் தருகின்றன. கீபோர்டில் தட்டுவது முதல் விதம். எஸ்கியூஎல்லில் லைக் போட்டுத் தேடினால் எதிரே இருக்கிற புத்தகத்தை இல்லை என்று சொல்லும். இதில் எனக்கு ஒரு வாரம் போனது. சேமிக்கும்போதும் தேடும்போதும், இரண்டு விதத்தையும் ஒன்றாக்குகிற நார்மலைசர் வழியாக அனுப்புங்கள். அதற்கும் கிராஃபீமுக்கும் ஹோஸ்டிங்கில் இன்டல் (intl) என்ற எக்ஸ்டென்ஷன் வேண்டும், முதலில் அது இருக்கிறதா பாருங்கள். டேபிளும் கனெக்ஷனும் இரண்டுமே முழு யுடிஎஃப்-8 ஆன யுடிஎஃப்8எம்பி4-இல் இருக்கட்டும். ஒன்றை மறந்தால் தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும்.

* * *

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வெறும் பிஎச்பி, பிடிஓ, பப்ளிக் ஃபோல்டர் தனி. பட்டியல் நிஜமாகவே பாமினியில்தான் இருந்தது! 'பொ', 'கோ', 'சோ' என்று தொடங்குகிற தலைப்பு ஒன்றுகூடத் தேடலில் வரவில்லை. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் என் எஸ்கியூஎல்லைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். நார்மலைசர் போட்டதும் வந்துவிட்டன. 'ஔ' வரவேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் அடித்திருப்பதை நார்மலைசர் தொடவில்லை, அவற்றைக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுப் பெரியவரிடம் காட்டினேன். ஒரு தலைப்பைத் தேடச் சொன்னார், வந்தது. இன்னொன்று, அதுவும் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கரண்ட் போனா?" என்றார். லெட்ஜர் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.