புதுப்பிப்பு: மணிக்கட்டு வலியும் பிளவு கீபோர்டும்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு, மணிக்கட்டு வலிக்கிறது, இரண்டாகப் பிரிந்த கீபோர்டு உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேனுங்க. வலி நன்றாகவே குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை.

நேர் கீபோர்டில் இரு கைகளையும் நடுவில் குவிக்கும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்கி நிற்கிறது. பிரித்து வைத்தால் முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டில் வந்துவிடும். நடுப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தியதில் முன்கை முறுக்கிக்கொள்வதும் குறைந்தது. கீபோர்டின் அடியில் உள்ள பின்பக்கக் கால்களை மட்டும் விரித்துவிடாதீர்கள். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும்.

எண் பலகை இல்லாத மாடல் என்பதால் மவுஸ் கைக்குப் பக்கத்தில் வந்தது. தோள் வலி போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் பீஸ் கணக்கு அடிக்கத் தனி எண் பலகை வாங்க வேண்டியதாயிற்று, தண்டச் செலவு.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இரவில் மரத்துப்போகிறது என்று எழுதியவர் முதலில் டாக்டரைப் பாருங்க. மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம்.

அப்புறம், தமிழ்99 என்கிற தமிழ்த் தட்டச்சு விசை அமைப்பு பற்றிக் கேட்டவருக்கு: உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். பிளவு கீபோர்டுக்கு அருமையாகப் பொருந்துகிறது. ஆங்கிலம்தான் படுத்துகிறது, இடப்பக்கம் போய்விட்ட ‘B’ விசையை வலக்கை இன்னும் தேடுகிறது.