சிறு கிளினிக்கின் செலவை எந்தச் சொல்லால் அளப்பது? (கலைச்சொல் குழுவின் மடல் இழை)

பாளையங்கோட்டை, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். வரும் 28-ஆம் தேதிக்குள் ஒரு பயிற்சிக் கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர் என்று நடக்கிற சிறு கிளினிக்குகளில், நோயாளியைப் பார்க்க என்ன செலவாகிறது என்று அளப்பதுதான் பொருள். முதல் பாதி அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள் என்பது. இரண்டாம் பாதி நம் ஊரில் ஒருவர் நோட்டும் பேனாவும் வைத்துத் தாமே கணக்குப் போட்டுப் பார்க்க. படிக்கப் போகிறவர்கள் ஆலங்குளம், அம்பாசமுத்திரம் பக்கத்து நர்ஸ்கள்.

'காஸ்ட் ஆஃப் கேர்' (cost of care) என்ற தொடரில் மாட்டிக்கொண்டேன். 'பராமரிப்புச் செலவு' என்று எழுதி ஒரு நர்ஸிடம் காட்டினேன். "கட்டடத்துக்கா, ஜெனரேட்டருக்கா?" என்று கேட்டார். 'கவனிப்புச் செலவு' என்றால் லஞ்சம் என்றுதான் யாருக்கும் படும். 'வைத்தியச் செலவு' நல்ல சொல், எல்லா வீட்டிலும் புழங்குகிறது. ஆனால் அது குடும்பம் கையைவிட்டுக் கொடுத்த பணம்: ஆட்டோவும் ஆஸ்பத்திரி வாசலில் குடித்த காப்பியும்கூட அதில் சேர்ந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கில மூல நூலில் ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. நோயாளியைப் பார்க்கக் கிளினிக்குக்கு ஆகும் செலவு ஒன்று. அந்த நோயாளிக்காக ஓராண்டில் எல்லா இடங்களிலும் சேர்ந்து போன பணம் இன்னொன்று. தமிழிலும் இரண்டும் ஒரே சொல்லுக்குள் கிடந்தால் படிப்பவர் குழம்பிப் போவார்.

சங்கரன்கோவில், கணக்குத் தணிக்கையாளர்:

அக்கா, இதற்கு அகராதி எதற்கு? எந்த ஜவுளிக்கடையிலும் கேளுங்கள், 'அடக்கம் என்ன வருது?' என்பார்கள். சரக்கு வாங்கிய விலை, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, கடை வாடகையில் அதன் பங்கு எல்லாம் அடங்கியது அடக்கவிலை. விற்கும் விலை வேறு. கிளினிக்குக்கு நோயாளி தருவது கட்டணம். அவரைப் பார்க்கக் கிளினிக்குக்கு ஆவது அடக்கம். 'மருத்துவ அடக்கம்' என்று போடுங்கள்.

கணக்கும் எளிதுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை வைத்துச் செலவை அளக்கும் முறை ஒன்று உண்டு, அமெரிக்காவில் கணக்கியல் பேராசிரியர் கப்லனும் ஆண்டர்சன் என்பவரும் 2004-ல் எழுதியது. 2011-ல் கப்லனும் போர்ட்டரும் அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நர்ஸுக்கு மாதச் சம்பளம் 14,040 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (வகுக்கச் சுலபமாக இருக்கட்டும்). 26 நாள் வேலை. சாப்பாடு, இளைப்பாறல் போக ஒரு நாளைக்கு 6 மணி நேரம் கிடைத்தால் மாதத்துக்கு 9,360 நிமிடம். நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய். ஒரு சர்க்கரை நோயாளியை எடை பார்த்து, பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை எடுத்து உள்ளே அனுப்ப 8 நிமிடம் என்றால் 12 ரூபாய். டாக்டரின் நிமிடத்தையும் அறை வாடகையையும் இப்படியே கூட்டி, பரிசோதனைப் பட்டையின் விலையையும் சேர்த்தால் அடக்கம் வந்துவிடும். கையில் ஒரு கடிகாரம் வேண்டும், அவ்வளவுதான்.

நாசரேத், ஓய்வுபெற்ற ஆசிரியை:

தம்பி, கணக்கு நன்றாகப் புரிந்தது. சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கம் சுவரொட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? 'அடக்க ஆராதனை மாலை 4 மணிக்கு' என்றுதான் இருக்கும். நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி எங்கும் அடக்கம் என்றால் மண்ணில் வைப்பது. என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணி இரண்டு வருடம் ஆகிறது. கிளினிக் மேசையில் 'மருத்துவ அடக்கம்' என்று ஒரு தாளைப் பார்த்தால் நான் அங்கே உட்கார மாட்டேன். இந்தக் கையேட்டைப் படிக்கிற நர்ஸுகளில் பாதிப் பேராவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள்.

ஆழ்வார்திருநகரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே உள்ள மொழியில், அந்தச் சொல் புதைப்பதற்கு மட்டும் உரியதாகிவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான். டீச்சர் சொல்வதும் நியாயம். மக்கள் காதில் விழுவதைத் தள்ள முடியாது.

குறளின் 'மருந்து' அதிகாரத்தில் உங்கள் விடை இருக்கிறது. 950-ஆம் குறள் மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து செய்பவன் உழைச்செல்வான், இன்றைய நர்ஸ். 'கேர்' என்று நீங்கள் தேடுவது அவன் செய்யும் வேலைதான். அடுத்து 'செலவு' என்ற சொல்லைப் பாருங்கள். செல் என்ற வேரிலிருந்து வந்தது, பழைய பொருள் போதல், பயணம். தலைவன் பொருள் தேடப் புறப்பட்டுத் தயங்குவதைச் 'செலவழுங்குதல்' என்பது அகப்பொருள் மரபு. கையிலிருந்து பணம் செல்வது பின்னால் வந்த பொருள். கொங்கு நாட்டில் ரசத்துக்கு இடும் சரக்குக்கும் செலவு என்றே பெயர், செலவு ரசம் என்பார்கள். ஆக, 'உழைச்செலவு' என்று ஒரு சொல் செய்தால், பக்கத்தில் செல்லுதலும் அதற்கு ஆகும் பணமும் ஒரே சொல்லில் அமைந்துவிடுகின்றன. இப்படிப்பட்ட சொல் கிடைப்பது அரிது.

கல்லிடைக்குறிச்சி, மருத்துவர்:

ஐயா, படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் என் நர்ஸிடம் 'உழைச்செலவு' என்றேன், 'உழைப்புச் செலவு' என்று எழுதிக்கொண்டாள். கூலி என்று நினைத்துவிட்டாள்.

எனக்குக் கவலை வேறு. அமெரிக்க முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே மெடிகேர் என்று பெரும்பாலும் 65 வயது கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு இருக்கிறது. 2015-ல் வந்த சட்டத்தின்படி 2017 முதல் டாக்டர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அதில் ஓர் அளவை, தலைக்கு மொத்தச் செலவு. நோயாளி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்ததற்கு மெடிகேர் கொடுத்த பணமும் அதில் சேரும். அந்த டாக்டர் அதில் ஒரு டாலர்கூடத் தொட்டிருக்க மாட்டார். இருந்தாலும் அது அவர் பெயரில் வரும்.

நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு கிளினிக்கில் 200 பேர், ஆண்டுக்குத் தலைக்குச் சராசரி 4,000 ரூபாய் என்று கொள்வோம். முக்கூடலில் பீடி சுற்றும் அம்மா ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை, நாலு லட்சம். அந்த ஒரு நோயாளியால் சராசரி 2,000 ஏறி 6,000 ஆகிவிடும். டாக்டர் எந்தத் தவறும் செய்யவில்லை. 20,000 பேர் வருகிற இடத்தில் அதே நாலு லட்சம் தலைக்கு 20 ரூபாய், கண்ணிலேயே படாது. சிறு கிளினிக்கை அளப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். 20 நோயாளிக்குக் கீழே இருந்தால் மெடிகேரும் இந்த அளவையில் மதிப்பெண் போடுவதில்லை. என்னைக் கேட்டால் அந்த 20-ஏ மிகக் குறைவு.

அதனால் நாம் வைக்கிற சொல்லில் 'யார் செலவழித்தது' என்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய நோயாளியின் செலவுக்கும் அனுப்பிய டாக்டரையே கை காட்டுவார்கள். அனுப்ப வேண்டியவரை அனுப்பவும் தயங்குவோம்.

தென்காசி, தனித்தமிழ் அன்பர்:

டாக்டர், நர்ஸ், கிளினிக், பிரஷர். ஒரு கலைச்சொல் இழையில் இத்தனையா? 1930-களில் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை நெல்லையில் இருந்து கலைச்சொல் தொகுத்த மண் இது. 'பண்டுவம்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! என் ஆச்சி மாட்டுக்கும் மனிதருக்கும் 'பண்டுவம் பார்த்தாள்'. கிளினிக்குக்கு ஆவது 'பண்டுவ அடக்கம்', மொத்தம் 'பண்டுவச் செலவு'. முடிந்தது.

சங்கரன்கோவில், கணக்குத் தணிக்கையாளர்:

அண்ணாச்சி, 'பண்டுவம்' எனக்கும் பிடிக்கும். ஆனால் அது 'பண்டிதம்' திரிந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டே. முடி திருத்துவோரும் வைத்தியம் பார்த்த காலத்தில் அவர்களைப் பண்டிதர் என்றார்கள்.

தென்காசி, தனித்தமிழ் அன்பர்:

தலைகீழ். பண்டுதல் என்ற வினை முந்தியது. பண்டு, பண்டுவம், பண்டுவன்.

(இதன் பிறகு இருவரும் பதினொரு மடல் எழுதினார்கள். பண்டம், பண்டாரம், பண்ணை வரை போனது. மற்றவர்கள் படித்துக்கொண்டிருந்தோம்.)

பாளையங்கோட்டை, மொழிபெயர்ப்பாளர்:

நாள் போகிறது. இன்னும் இரண்டு சொல் பாக்கி.

ஒன்று, ஒரு நோயாளி எந்தக் கிளினிக்குக்கு உரியவர் என்று தீர்மானிப்பது. ஆண்டில் யாரிடம் அதிகமாகப் போனாரோ அவர் கணக்கில் எழுதுவது அங்கே வெகுநாள் இருந்த வழி. நம் ஊரில் காய்ச்சலுக்கு ஒரு டாக்டர், மூட்டுவலிக்கு இன்னொருவர், மாத்திரைக்கு நேராக மருந்துக்கடை. இதை மளிகைக்கடைப் பற்று மாதிரி நினைத்துப் பார்த்தேன். 'கடையில் பற்று வைத்திருக்கிறேன்' என்றால் எல்லோருக்கும் புரியும். 'பற்றேற்றம்' சரியாக வருமா?

இரண்டு, நோயின் கடுமையைப் பார்த்துச் செலவைச் சரிசெய்வது. எண்பது வயதில் சிறுநீரகம் பழுதானவரையும் முப்பது வயதில் சளி பிடித்தவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதற்கான திருத்தம்.

ஆழ்வார்திருநகரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இரண்டாவதற்குச் சொல் ஆயத்தமாக இருக்கிறது அம்மா. 949-ஆம் குறள்: 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்.' நோயாளியின் வயதும் வலுவும் உற்றான் அளவு. நோயின் கடுமை பிணியளவு. காலம் என்றால், பிசான நெற்பருவ மழைக்குப் பின் காய்ச்சல் கூட்டம் வருகிறதே, அதுவும் கணக்கில் வர வேண்டும். 'பிணியளவுத் திருத்தம்' என்று எழுதுங்கள். 'ஈடு' என்றும் வைக்கலாம். எங்கள் ஊரில் திருவாய்மொழி உரைக்கே ஈடு என்று பெயர்.

நாசரேத், ஓய்வுபெற்ற ஆசிரியை:

பிணியளவு! படித்தவுடன் புரிகிறது. 'ஈடு' வேண்டாம் ஐயா, எங்கள் வீட்டில் அது இட்லி ஊற்றுகிற கணக்கு.

கல்லிடைக்குறிச்சி, மருத்துவர்:

பிணியளவுக்கு என் முழு ஆதரவு. இன்று காலையே நோயாளி அட்டையில் 'பி.அ.' என்று ஒரு கட்டம் போட்டுவிட்டேன். 'பற்றேற்றம்' எனக்கு உறுத்துகிறது. பற்று என்றால் நோயாளி எனக்குக் கடன்பட்டவர் போல ஒலிக்கிறது. 'கணக்கில் சேர்த்தல்' என்று சாதாரணமாக எழுதினால் என்ன?

தென்காசி, தனித்தமிழ் அன்பர்:

பிணியளவு தூய தமிழ், மறுப்பில்லை. 'மருத்துவச் செலவு' என்று முடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

பாளையங்கோட்டை, மொழிபெயர்ப்பாளர்:

நாளை அனுப்புகிறேன். கையேட்டில் போவது இவை. கிளினிக்குக்கு ஆவது: 'கிளினிக் அடக்கச் செலவு'. 'அடக்கம்' எங்கும் தனியாக நிற்காது, டீச்சருக்கு வாக்கு. ஆண்டு முழுதும் எல்லா இடத்திலும் ஆனது: 'தலைக்கு மொத்த மருத்துவச் செலவு'. அது வரும் ஒவ்வொரு அட்டவணையிலும் பக்கத்திலேயே 'யார் கொடுத்தது' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: நோயாளி, அரசு, காப்பீடு. மூல நூலில் அந்தப் பத்தி இல்லை. டாக்டர் சொன்ன நாலு லட்சம் இனி எழுதப்பட்ட இடத்திலேயே யாருடையது என்று தெரியும். 'கணக்கில் சேர்த்தல்', 'பிணியளவுத் திருத்தம்' இரண்டும் அப்படியே. கிளினிக்கைக் கிளினிக் என்றே விட்டதற்குத் தென்காசி அண்ணாச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும். நர்ஸுகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆழ்வார்திருநகரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நன்று. நர்ஸ் செய்வதற்கென்று கையேட்டில் இன்னும் ஒரு சொல் வரவில்லை. அவர் நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று மட்டும் இருக்கிறது. அடுத்த பதிப்பில் உழைச்செலவை ஓர் அடிக்குறிப்பிலாவது வையுங்கள். நான் அதைக் கைவிடவில்லை.