மனுவில் எந்த வினைச்சொல்: டிப்ரைவ், வித்ஹோல்ட், டினை?

வேலந்தாவளம்காரன்:
கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு ஓணப் பரீட்சை (முதல் டெர்ம் தேர்வு) நெருங்கியும் பாடப்புத்தகம் வரவில்லை. மலையாளவழிப் பிள்ளைகளுக்கு ஜூனிலேயே கொடுத்துவிட்டார்கள். பெற்றோர் சார்பில் ஆங்கிலத்தில் மனு எழுதுகிறோம். முதல் வரி: ‘தி டிபார்ட்மென்ட் ஹேஸ் டிப்ரைவ்ட் டெக்ஸ்ட்புக்ஸ் ஃப்ரம் அவர் சில்ரன்.’ எங்கள் கோபம் அதில் தெரிய வேண்டும். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

சித்தூர் வாத்தியார்:
தம்பி, ‘டிப்ரைவ்’ (இழக்கச் செய்வது) போட்டால் ஆள்தான் முதலில் வரும், பொருள் ‘ஆஃப்’ போட்டுப் பின்னால் வரும். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவே ‘நோ பர்சன் ஷல் பி டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் லைஃப்’ என்றுதான் தொடங்குகிறது. ‘ராப்’, ‘ஸ்ட்ரிப்’ இரண்டுக்கும் இதே அமைப்பு. ‘ஸ்டீல்’, ‘வித்ஹோல்ட்’, ‘கான்ஃபிஸ்கேட்’ நேர்மாறு: பொருள் முன்னால், ஆள் ‘ஃப்ரம்’முக்குப் பின்னால். நாம் தமிழில் ‘அவனிடமிருந்து பணத்தைப் பறித்தான்’ என்று சொல்லிப் பழகியவர்கள். அதனால் எல்லாவற்றுக்கும் ‘ஃப்ரம்’ வந்துவிடுகிறது.

இலக்கணம் இருக்கட்டும். குற்றம் சாட்டுகிற வினைச்சொல்லே வேண்டாம் என்கிறேன். ‘ஹேவ் நாட் ரிசீவ்ட்’ என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

மூணாறு எஸ்டேட்:
வாத்தியார் சொல்வதை ஒப்ப மாட்டேன். ‘கிடைக்கவில்லை’ என்று பணிவாக எழுதின மனுவெல்லாம் ஃபைலுக்குள் போய்த் தூங்குகிறது. ‘வித்ஹெல்ட்’ என்று போடுங்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு தரவில்லை என்று முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும்.

சித்தூர் வாத்தியார்:
குடோனில் புத்தகம் கிடப்பதைக் கண்ணால் பார்த்தீர்களா? ‘வித்ஹோல்ட்’ என்றால் கையில் இருப்பதைத் தெரிந்தே நிறுத்தி வைப்பது. 1965ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் ‘வித்ஹோல்டிங் ஆஃப் இன்க்ரிமென்ட்ஸ்’ ஒரு தண்டனை. தவறுதலாக யாரும் தண்டனை கொடுப்பதில்லை. அச்சகத்திலேயே தாமதம் என்று ஒரு பதில் வந்தால் மனு அங்கேயே விழுந்துவிடும்.

வேலந்தாவளம்காரன்:
சார், மனுவை வாங்குகிறவர் மேலே ‘பொருள்’ (சப்ஜெக்ட்) என்று போட்ட வரியைத்தான் பார்ப்பார். உள்ளே டிப்ரைவா வித்ஹோல்டா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

சட்டம் படிப்பவள்:
அண்ணா, பார்ப்பார்கள். 2008இல் சுரேஷ் நந்தா வழக்கே இப்படி இரண்டு வினைச்சொல்லில்தான் நின்றது. சிபிஐ எடுத்த தன் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரச் சொல்லி அவர் கேட்டார். ‘சீஸ்’ என்பது அந்த நேரத்தில் எடுப்பது, எடுத்ததைத் தொடர்ந்து வைத்துக்கொள்வது ‘இம்பவுண்ட்’ என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. பாஸ்போர்ட்டைக் கைப்பற்றப் போலீசுக்கு அதிகாரம் இருக்கலாம், இம்பவுண்ட் செய்வது 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அதற்கான அதிகாரிக்கு மட்டுமே என்று தீர்ப்பு வந்தது.

என் யோசனை ‘டினை’. 14ஆம் பிரிவில் அரசு எவருக்கும் சமத்துவத்தை ‘ஷல் நாட் டினை’ என்று இருக்கிறது. ஒரே அரசு, ஒரே வகுப்பு, ஒரு மொழிக்கு ஜூனில் புத்தகம், இன்னொரு மொழிக்கு இல்லை. இதற்கு அந்த வினைதான் பொருந்தும். மனுவைப் படிக்கப் போகிறவர் மலையாளி. ‘நீதி நிஷேதம்’ (நீதி மறுப்பு) என்று தினமும் பேப்பரில் பார்க்கிறவர். அவருக்கு உடனே உறைக்கும்.

சித்தூர் வாத்தியார்:
அம்மா, ‘டினை’ என்றால் கேட்டு, இல்லை என்று சொல்லியிருக்க வேண்டாமா? யாரும் வாய்விட்டு மறுக்கவில்லையே.

சட்டம் படிப்பவள்:
புத்தகத்தை மறுத்தார்கள் என்று எழுதினால் நீங்கள் சொல்வது சரி, சார். நான் மறுக்கப்பட்டதாகச் சொல்வது சமத்துவத்தை. அதை யாரும் போய்க் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

மூணாறு எஸ்டேட்:
350ஏ பிரிவை ஏன் யாரும் சொல்லவில்லை? மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது நம்மைப் போல எல்லையில் நின்றவர்களுக்காகச் சேர்த்தது. அதைப் பறித்துவிட்டார்கள் என்று எழுதலாமே.

சட்டம் படிப்பவள்:
அதில் வசதி செய்து தர ‘எண்டெவர்’ இருக்க வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது, அண்ணா. அது முயற்சிக் கடமை. பேச்சும் தொடக்கக் கல்வியைப் பற்றியது, இங்கே பிள்ளைகள் ஏழாம் வகுப்பு. துணைக்கு ஒரு வரி வைக்கலாம், மனுவே அதன்மேல் நிற்க முடியாது.

வேலந்தாவளம்காரன்:
சரி, ‘வித்ஹெல்ட்’ வேண்டாம். முதல் வரியில் வாத்தியார் சொன்ன மாதிரி ‘ஹேவ் நாட் ரிசீவ்ட்’ போட்டு, மலையாளவழிக்குக் கொடுத்த மாதத்தையும் எழுதுகிறேன். இரண்டாவது வரி ‘தே ஹேவ் பீன் டினைட் ஈக்வல் ட்ரீட்மென்ட்’. மூன்றாவதில் ‘டிப்ரைவ்ட் ஆஃப் எ ஹோல் டெர்ம்ஸ் லேர்னிங்’ இருக்கும். அதை எடுக்க மாட்டேன், சார். புத்தகம் இன்னும் வரலாம். புத்தகமே இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு டெர்ம் திரும்ப வராது.

சித்தூர் வாத்தியார்:
மூன்றாவது வரி இன்னும் எனக்குச் சூடாகத்தான் படுகிறது. பாடம் நடத்திய ஆசிரியரையும் அது தொடும். ‘லேர்னிங்’கை எடுத்துவிட்டு ‘டெக்ஸ்ட்புக்ஸ் ஃபார் எ ஹோல் டெர்ம்’ என்று போடுங்கள். ஜெராக்ஸ் எடுத்துப் பாடம் நடத்துகிறவர்களும் அதே பள்ளியில் இருக்கிறார்கள்.

வேலந்தாவளம்காரன்:
அதை அவர்களிடமே கேட்டுவிட்டு எழுதுகிறேன்.